எதுகையும் மோனையும் செய்யுளுக்கு, பிள்ளைகளுக்கு வேண்டாம்

மூன்று நாளாக எனக்கும் ஒரு பழைய மாணவனுக்கும் போனில் சண்டை.

அவனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. தாயும் பிள்ளைகளும் நலம். "ஐயா, நீங்கதான் எங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தீங்க, பேரு ரெண்டும் முடிவு பண்ணிட்டோம், நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். சொல்லு என்றேன். "தர்ஷினி, வர்ஷினி."

வேண்டாம்ப்பா என்றேன்.

"ஏன் ஐயா? எதுகை அழகா வருதே. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே" என்று என் பாடத்தையே என் மேல் திருப்பிவிட்டான். உண்மைதான். முதல் எழுத்து இரண்டும் குறில், இரண்டாம் எழுத்து இரண்டும் 'ர்'. இலக்கணப்படி குற்றமே இல்லாத எதுகை. வால் பகுதி ஒத்திருப்பதால் இயைபும் உண்டு. தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் வெண்பா எழுதுவதும் ஒன்றா? எதுகையும் மோனையும் இரண்டு சீர்களைக் கட்டிப் போடுவதற்காக ஏற்பட்டவை. ஒன்றைக் கேட்டவுடன் மற்றது நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை. அந்த வேலையைத்தான் இரட்டைப் பிள்ளைகள் விஷயத்தில் செய்யக்கூடாது என்கிறேன்.

முப்பத்து சொச்சம் ஆண்டு வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். இரட்டையர்கள் என் வகுப்புகளில் நிறையப் படித்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். வீட்டில் பொருந்தும் பெயர்களோடு இரட்டைப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். வைத்த பெயரை மாற்றச் சொல்லவில்லை. இனி வைக்கப்போகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் ஒரு கணக்கு. நம் ஊரில் ஒருவரை ஏட்டில் அடையாளம் காண என்னென்ன பார்க்கிறோம்? பெயர், இனிஷியல், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, முகவரி. வடக்கே குடும்பப் பெயர் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு ஓரெழுத்து இனிஷியலோடு சரி. இரட்டைப் பிள்ளைகளுக்கு இந்த ஆறில் ஐந்து அப்படியே ஒன்று. முகமும் ஒன்றாக இருந்தால் ஏழில் ஆறு. மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அந்த ஒன்றையும் கொண்டுபோய் ஓரெழுத்து வித்தியாசத்தில் வைத்தால், படிவத்தின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைப்பார்? "ஒரே பிள்ளையை ரெண்டு தடவை பதிஞ்சுட்டாங்க, ஒண்ணுல எழுத்துப் பிழை" என்று நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானே அப்படி நினைத்திருக்கிறேன்.

ஆதார் இருக்கிறதே, கைரேகை காட்டிவிடாதா என்று கேட்பீர்கள். காட்டும், பிறகு. ஐந்து வயதுக்குள் எடுக்கிற ஆதாருக்குக் கைரேகையும் கிடையாது, கருவிழிப் பதிவும் கிடையாது. போட்டோவும் பெற்றோர் விவரமும்தான். இரட்டைக் குழந்தைகளின் போட்டோவை வைத்து அலுவலகத்தில் இருப்பவர் என்ன கண்டுபிடிப்பார்? அந்த வயதில்தான் தடுப்பூசி அட்டை, பால்வாடி, பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் எழுதப்படுகிறது. ஊசி போட்ட கையெழுத்து யாருடைய அட்டையில் விழுந்தது, மருந்துச் சீட்டு யாருடையது என்பது வெறும் எழுத்துப் பிழை விவகாரமா?

மோனை இன்னும் மோசம். ஹர்ஷினி, ஹர்ஷிதா என்று வைத்தால் பெயர் வரிசைப்படி எண் கொடுக்கும் எந்தப் பட்டியலிலும் இருவரும் அடுத்தடுத்து வருவார்கள். அடுத்தடுத்த எண், அடுத்தடுத்த இருக்கை, அடுத்தடுத்த விடைத்தாள். ஒரு வரி தள்ளி மதிப்பெண்ணை எழுதிவிட்டால் தீர்ந்தது. சாதாரணமாக ஒரு வரி தள்ளி எழுதினால் எங்காவது இடிக்கும், பிடித்துவிடலாம். இங்கே இடிக்கவே இடிக்காது. வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயரும் இருவருக்கும் 'ஹர்ஷி'தான். "சின்ன ஹர்ஷி, பெரிய ஹர்ஷி" என்று அடைமொழி கொடுக்க வேண்டி வரும். பெயர் வைத்த பிறகும் பெயர் தேட வேண்டிய நிலைமை.

இதெல்லாம் ஏட்டுச் சங்கடம். அலைந்தால் தீரும். நான் சண்டை போடுவது இதற்காக மட்டும் இல்லை.

1990-களின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். அறுபதுக்கு மேல் பிள்ளைகள். அதில் இரட்டைப் பெண்கள் இருவர். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். கலா, மாலா என்று வைத்துக்கொள்ளுங்கள். (முதலெழுத்தில் ஒன்று குறில், ஒன்று நெடில். இலக்கணப்படி இது எதுகைகூட இல்லை. ஆனாலும் இயைபு காதை நிறைத்துவிடும்.) ஒரே உயரம், ஒரே சடை, ஒரே ரிப்பன், ஒரே பெஞ்சு. கூப்பிட்டால் இருவரும் எழுவார்கள். நானும் மற்ற ஆசிரியர்களும் ஒரு வழி கண்டுபிடித்தோம். இருவரையும் சேர்த்தே கூப்பிடுவது. "கலாமாலா, எழுந்திரு." ஒருமைதான். ஒரே ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. வகுப்பே சிரிக்கும். அவர்களும் சிரிப்பார்கள். அதை நான் சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மாலா மனப்பாடப் பாட்டு ஒப்பிக்காமல் ஏமாற்றிவிட்டாள் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அடிப்போம். பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கூப்பிட்டேன், ஒருத்தி வந்தாள், கையை நீட்டினாள், நாலு போட்டேன். போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு அதை மறந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வந்து கும்பிட்டாள். "ஐயா, நான் கலா. மாலா இல்லை" என்றாள். எல்லாரும் 'நான் இன்னார்' என்று சொல்வோம். இத்தனை வருஷம் கழித்தும் 'நான் இன்னார் இல்லை' என்று சேர்த்துச் சொன்னால்தான் அவளுக்குத் தன் பெயர் முடிகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மனப்பாடப் பாட்டுக்கு நாலு அடி வாங்கினது நான்தான் ஐயா. நான் முழுசா ஒப்பிச்சிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா, நான் மாலா இல்லைன்னு" என்றேன்.

"சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டோம் ஐயா. எங்க அப்பாவே மாத்திதான் கூப்பிடுவாரு. யாரைக் கூப்பிட்டா என்ன, ரெண்டு பேர்ல ஒருத்தி போனா சரின்னு ஆயிடுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய் "ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாள். ஆனால் அது விளையாட்டு இல்லை. தன் பெயரைத் தவறாகச் சொல்லும்போது 'அது நான் இல்லை' என்று மறுக்கிற உரிமை ஒரு பிள்ளைக்கு இருக்கிறது. பதினான்கு வயதில் அந்த உரிமையைக் கைவிட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். அடித்தது நான். அந்தப் பழி என்னுடையது, பெயர் மேல் போட்டுத் தப்பிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெயர்கள் வேறு மாதிரி இருந்திருந்தால், குறைந்தபட்சம் கூப்பிடும்போதாவது நான் ஒருத்தியை நினைத்துக் கூப்பிட்டிருப்பேன்.

என் வழக்கு இதுதான். இரட்டைப் பிள்ளைகள் கருப்பையைப் பங்கு போட்டார்கள். பிறந்த நாளைப் பங்கு போடுகிறார்கள். கேக், தொட்டில், ராசி, நட்சத்திரம், சட்டைத் துணி, பள்ளிக்கூட பெஞ்சு எல்லாம் பங்கு. "உன் அக்கா தொண்ணூறு வாங்கியிருக்கா, நீ ஏன் எழுபது" என்கிற ஒப்பீடும் வாழ்நாள் பங்கு. பங்கு போட வேண்டாத சொத்து பெற்றோர் கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது பெயர். செலவில்லாதது. அதையும் பாதியாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது என்ன நியாயம்?

ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த, உரித்து வைத்த மாதிரி இருக்கும் இரட்டையருக்குக்கூடக் கைரேகை ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு கருமுட்டையில் உருவானவர்கள் சாதாரண அண்ணன் தங்கை அளவுக்குத்தான் ஒத்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு முகமே ஒத்துப்போகாது. இயற்கை இத்தனை சிரமப்பட்டு வேறுபடுத்தி வைத்திருக்கிறது. நாம் ஒரே நாளில் ஒன்றாக்கிவிடுகிறோம்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மாணவனின் மாமியார் என்னோடு போனில் பேசினார். "நம்ம பழக்கம் சார். ராமன் லட்சுமணன்னு வைக்கிறதில்லையா?" என்றார்.

வைக்கிறோம். ஆனால் ராமனும் லட்சுமணனும் இரட்டையரா? தாய் வேறு. ராமாயணத்தில் இரட்டையர் என்றால் சுமித்திரையின் பிள்ளைகளான இலக்குவனும் சத்துருக்கனனும். அந்தப் பெயர்களில் எதுகை எங்கே, மோனை எங்கே? பெயர் மட்டுமா, பாதையும் வேறு. ஒருவன் ராமன் பின்னால் காட்டுக்குப் போனான், மற்றவன் பரதனோடு நின்றான். பாரதத்துக்கு வாருங்கள். மாத்திரியின் இரட்டைப் பிள்ளைகள் நகுலன், சகாதேவன். ஒட்டவே ஒட்டாத பெயர்கள். அவர்களைத் தந்த அசுவினி தேவர்களே இரட்டையர்தான். அவர்கள் பெயர் நாசத்தியன், தஸ்ரன். தேவலோகத்திலேயே பொருத்தம் பார்க்கவில்லை அம்மா என்றேன். "லவன், குசன்?" என்றார் உடனே. நல்ல கேள்வி. அதிலும் முதல் எழுத்து வேறுதான், தெருவில் நின்று கூப்பிட்டால் சரியான ஆள்தான் திரும்புவான் என்றேன். அதோடு போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

நம் பழக்கம் என்றால் உண்மையான பழக்கம் எது? பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன். மூத்தவனுக்கு அப்பா வழிப் பாட்டன் பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழிப் பாட்டன் பெயர், அல்லது குலசாமி பெயர். இந்த முறையில் இரட்டைப் பிள்ளை பிறந்தால் ஒருவன் முத்தையா, மற்றவன் கருப்பசாமி. சம்பந்திகள் இரண்டு பேரும் பெயர் வைக்கும்போதே பொருத்தம் பார்த்தா பிறந்திருப்பார்கள்? இப்போதுள்ள பெயர்கள் இடுகுறியும் இல்லை, காரணமும் இல்லை. செல்போனில் தேடி எடுத்த பெயர்கள். முன்னால் ஓர் எழுத்தை மாற்றினால் இன்னொரு பெயர் பிறந்துவிடுகிறது. இதற்குப் பழக்கம் என்ற மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு எதிர்வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. ஆற்காடு ராமசாமி முதலியார், ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 1887 அக்டோபர் 14-இல் கர்னூலில் பிறந்த இரட்டையர். இனிஷியலும் ஒன்று, பெயரும் ஜோடி, முகமும் ஒன்று. என்ன கெட்டுப்போனார்கள்? ஒருவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்து, 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். மற்றவர் மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தார். லட்சுமணன் என்று பெயர் வைத்ததால் அவர் யார் பின்னாலும் போய்விடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பெயர் ஒருவரின் தலையெழுத்து என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் கவனியுங்கள், அந்த ஜோடிப் பொருத்தம் கதையில் இருக்கிறது, ஓசையில் இல்லை. 'ரா' என்று ஆரம்பித்த உடனேயே லட்சுமணசாமிக்குத் தெரிந்துவிடும், தன்னைக் கூப்பிடவில்லை என்று. நம் மாநிலக் கிரிக்கெட் அணிக்கு ஆடிய இரட்டையர் அபராஜித், இந்திரஜித்தும் அப்படித்தான். வால் ஒன்று, தலை வேறு. ஸ்கோர் போர்டில் குழப்பம் வராது.

கிரிக்கெட் என்றதும் ஆஸ்திரேலியாவின் வா சகோதரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1965-இல் பிறந்த இரட்டையர், ஸ்டீவ், மார்க். பெயரில் ஓரெழுத்து ஒட்டாது. 1991-இல் மார்க் முதல் டெஸ்ட் ஆடியதே ஸ்டீவை நீக்கிய இடத்தில்தான். வந்த முதல் ஆட்டத்திலேயே சதம். சாப்பாட்டு மேசையில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரட்டையருக்கு இப்படிப்பட்ட நாட்கள் வந்தே தீரும். ஒருத்தி பாஸ், ஒருத்தி பெயில். ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்கு இல்லை. ஒருத்திக்கு வரன் அமைந்துவிடும், மற்றவளுக்குத் தள்ளிப்போகும். ஏன், ஒருத்தி முந்தி இறந்தும் போகலாம். அப்படி ஒரு வீடும் எனக்குத் தெரியும். இருக்கிறவனைக் கூப்பிடும்போதெல்லாம் இல்லாதவன் பெயரும் அந்தத் தாயின் நாக்கில் சேர்ந்தே வந்துவிடும். பாதியில் நிறுத்திக்கொள்வார். அதைக் கேட்டவன் நான். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வாத்தியாருக்கு அழகில்லை. என் யோசனைகள்:

ஒன்று. முதல் எழுத்து வேறாக இருக்கட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். தமிழில் 'த' என்றும் 'ட' என்றும் வேறாகத் தெரிவது ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் வந்து விழும். எழுதிப் பாருங்கள்.

இரண்டு. பெயரின் நீளம் வேறாக இருக்கட்டும். ஒன்று நிலா என்றால் மற்றது கயல்விழியாக இருக்கலாம்.

மூன்று. வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே குக்கர் விசில் அடிக்கும்போதும், டிவி ஓடும்போதும் எந்தப் பெயர் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஜோடி வேண்டாம். செல்லப் பெயரையும் இப்படியே சோதியுங்கள்.

நான்கு. ஜோடியாகத்தான் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் பொருளில் ஜோடி சேருங்கள். காவிரி, பொருநை. பரிதி, நிலவன். கேட்பவருக்கு ஓசை வேறு, யோசிப்பவருக்கு உறவு தெரியும். பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்களே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

ஐந்து. நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு. ஒரு பாதத்தைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். சில நிமிட இடைவெளியில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் நட்சத்திரமும் பாதமும் ஒன்றாகவே இருக்கும், ஜோசியர் ஒரே எழுத்தைத்தான் கொடுப்பார். மோனைப் பெயர்கள் பெருகியதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் 4 எழுத்து உண்டு. அசுவினி என்றால் சு, சே, சோ, ல. பாதத்தை விட்டு நட்சத்திரத்தோடு நின்றால் ஒருத்திக்குச் 'சு'வும் மற்றவளுக்கு 'ல'வும் கிடைக்கும். அதுவும் மனசுக்கு ஒப்பாவிட்டால் அந்த எழுத்துப் பெயரைக் காதில் ஓதும் பெயராக வைத்துக்கொண்டு, ஏட்டுக்கு வேறு பெயர் கொடுங்கள்.

ஆறு. அவசரப்படாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டினார்கள் என்பதற்காக ஒரு பெயரை யோசித்து, மற்றதை அதற்கு எதுகையாக ஒட்டிவிடாதீர்கள். இரண்டு பிள்ளைகளையும் சில வாரம் பாருங்கள். ஒன்று அழும், ஒன்று வேடிக்கை பார்க்கும். அப்போதே இரண்டு ஆட்கள் என்று தெரிந்துவிடும்.

நேற்று இரவு மாணவன் மறுபடி கூப்பிட்டான். நான் சொன்ன இரண்டு பெயரில் ஒன்று எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். மற்றது மாமியாருக்குப் பிடிக்கவே இல்லையாம். என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ரொம்ப நல்லதுப்பா. அந்தப் பெயரை உன் மாமியாரையே வைக்கச் சொல்லு. அவங்களும் நானும் சேர்ந்து வைச்சா ரெண்டு பெயரும் ஜென்மத்துக்கும் பொருந்தாது" என்றேன்.